கொடைப் பாட்டை டொரன்ட்டில் போட்டால் குற்றமா?

கேள்வி:

அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் 22 வருடமாக மைக்செட் தொழில் செய்கிறேன். கோயில் கொடைகளுக்கு, அதாவது ஊர்க்கோயில் திருவிழாக்களுக்கு, போகிற இடத்தில் வில்லுப்பாட்டையும் கணியான் கூத்தையும் ஆசைக்குப் பதிவு செய்து சேர்த்து வைத்திருக்கிறேன். பம்பாயிலும் துபாயிலும் இருக்கிற எங்கள் ஊர்க்காரர்கள் அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். என்ஜினீயரிங் படிக்கும் என் மகன், இவ்வளவு பெரிய ஃபைல்களை டொரன்ட்டில் போட்டால் செலவில்லாமல் எல்லோருக்கும் போய்விடும் என்று சொல்லிக் கொஞ்சத்தைப் போட்டும் விட்டான். இப்போது சொந்தக்காரர் ஒருவர், டொரன்ட்டே தடை செய்யப்பட்டது, கம்ப்யூட்டரில் வைத்திருந்தாலே 3 வருடம் ஜெயில், 3 லட்சம் அபராதம் என்கிறார். அதே கம்ப்யூட்டரில் பையன் புதுப்படங்களும் இறக்கி வைத்திருக்கிறான் என்பது அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. இன்டர்நெட் கனெக்‌ஷன் என் பெயரில் இருக்கிறது. டொரன்ட் வைத்திருப்பது குற்றமா? என் பதிவுகளை நான் கொடுக்கலாமா? 2009இல் பதிந்த ஒரு ராத்திரிப் பாட்டைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். அதில் குடம் அடித்த பெரியவர் இப்போது இல்லை.

பதில்:

அண்ணாச்சிக்கு வணக்கம்.

உங்கள் தூக்கத்தைக் கெடுத்த கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். டொரன்ட் மென்பொருளைக் கம்ப்யூட்டரில் வைத்திருப்பது குற்றமில்லை. அதைத் தடை செய்யும் சட்டம் இந்தியாவில் கிடையாது. அதன் வழியாக எது போகிறது, எது வருகிறது, அதற்கு உரியவர் சம்மதித்தாரா என்பதைத்தான் சட்டம் பார்க்கும். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இரண்டு வகைச் சரக்கு இருக்கிறது. கொடைப் பதிவுகளைக் கொஞ்சம் அலைந்து திரிந்தால் முறைப்படியே கொடுத்துவிடலாம். புதுப்படங்களை இன்றைக்கே நிறுத்த வேண்டும்.

டொரன்ட் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்தால்தான் நான் சொல்லும் சட்டமும் புரியும். வில்லுப்பாட்டில் தலைமையேற்றுப் பாடும் புலவர் ஒருவரிடம் 200 பக்கக் கதை நோட்டு இருக்கிறது, 20 பேர் அதற்கு நகல் கேட்கிறார்கள் என்று வையுங்கள். ஒவ்வொருவராக முழு நோட்டையும் வாங்கி எழுதினால் மாதக்கணக்காகும். புலவர் கையில் நோட்டு தங்கவே தங்காது. ஆளுக்கு 10 பக்கம் எழுதிக்கொண்டு, பிறகு தங்களுக்குள்ளேயே மாற்றி மாற்றி எழுதிக்கொண்டால் சீக்கிரம் முடிந்துவிடும். 2001இல் அமெரிக்காவில் பிராம் கோஹன் என்பவர் எழுதிய பிட்டொரன்ட் முறை இதுதான். பெரிய ஃபைலைச் சிறு துண்டுகளாக்கி, கேட்பவர்களுக்குள்ளேயே அவற்றைப் பரிமாற வைக்கிறது. துண்டு வழியில் கெட்டுப்போனதா என்று சரிபார்க்க ஒவ்வொன்றுக்கும் ஒரு கணித அடையாளம் உண்டு. நடுவில் வாடகைக்குப் பெரிய சர்வர் எடுக்க வேண்டியதில்லை. உங்கள் மகன் செலவில்லை என்று சொன்னது சரிதான்.

ஆனால் இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. 10 பக்கம் எழுதிய ஆள் அதை அடுத்தவருக்குக் கொடுத்தாக வேண்டும். டொரன்ட்டில் வாங்குகிறவர்தான் கொடுக்கிறவரும். ஒரு படம் இறங்கிக்கொண்டிருக்கும்போதே அதன் துண்டுகள் உங்கள் வீட்டிலிருந்து முகம் தெரியாத நூறு பேருக்குப் போய்க்கொண்டிருக்கும். இறங்கி முடிந்த பிறகும் மென்பொருளை மூடாமல் விட்டால் விநியோகம் தொடரும். நான் பார்த்த பையன்கள் எல்லோரும், நான் பார்க்கத்தானே எடுத்தேன், யாருக்கும் கொடுக்கவில்லையே சார் என்றுதான் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. கொடுத்தது அவர்களுக்கே தெரியாது.

நம் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் வந்தது, 2012இல் பெரிய திருத்தம் கண்டது. அதன் 14ஆம் பிரிவு, ஒரு படைப்பை நகல் எடுப்பதையும் பொதுமக்களுக்குக் கொண்டுசேர்ப்பதையும் உரிமையாளருக்கே உரியவை என்கிறது. 52ஆம் பிரிவில் சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவில் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஒரு விலக்கு உண்டு. படத்தை வெறுமனே பார்த்தவர் அந்த விலக்கைக் காட்டி வாதாடலாம். டொரன்ட்டில் படம் இறக்கியவர் ஊருக்கெல்லாம் பந்தி வைத்திருக்கிறார். அவருக்குச் சொந்த உபயோகம் என்ற வாதம் நிற்காது.

கருவியையே தடை செய்ய முடியுமா என்ற கேள்வி அமெரிக்காவில்தான் பெரிதாக அடிபட்டது. 1984இல் அங்கே உச்ச நீதிமன்றம், வீட்டில் டிவி நிகழ்ச்சிகளைப் பதியும் வீடியோ ரெக்கார்டர் வழக்கில், கணிசமான நல்ல உபயோகம் உள்ள கருவியை விற்றவர்மீது பழி போட முடியாது என்றது. பிறகு 1999இல், பாட்டு ஃபைல்களை ஒருவருக்கொருவர் பரிமாறிக்கொள்ளும் நாப்ஸ்டர் வந்தது. எந்தப் பாட்டு யாரிடம் இருக்கிறது என்ற பட்டியலைத் தன் சர்வரிலேயே வைத்திருந்ததால் 2001இல் நீதிமன்றத்தில் தோற்று மூடப்பட்டது. 2005இல் குரோக்ஸ்டர் என்ற இன்னொரு ஃபைல் பரிமாற்ற மென்பொருள் வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னது இது: கருவி செய்ததற்காக இல்லை, திருட்டு நகலுக்கு ஆள் சேர்க்கும் நோக்கத்தோடு அதைப் பரப்பியதற்காக நீங்கள் பொறுப்பாளி. நம் சட்டத்திலும் 63ஆம் பிரிவு, தெரிந்தே மீறுபவரோடு அதற்கு உடந்தையாக இருப்பவரையும் சேர்த்தே பிடிக்கிறது.

நம் நீதிமன்றங்களும் இந்த வேறுபாட்டைப் பார்த்திருக்கின்றன. 2012இல் ஒரு தமிழ்ப் படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கிய உத்தரவைக் காட்டி, இன்டர்நெட் கம்பெனிகள் டொரன்ட் தளங்களோடு நல்ல வீடியோ தளங்களையும் முழுசாக மூடிவிட்டன. அந்த வருடம் ஜூன் மாதமே நீதிமன்றம், முழுத் தளத்தை மூடாதீர்கள், திருட்டு நகல் இருக்கும் குறிப்பிட்ட பக்கத்தை மட்டும் மூடுங்கள் என்று தெளிவாக்கியது. 2019இல் டெல்லி உயர் நீதிமன்றம், திருட்டு நகலையே பிழைப்பாக வைத்து, நடத்துபவர் யார் என்றே காட்டாமல் ஓடும் தளங்களை முழுசாக முடக்க வழி செய்தது. பெயர் மாற்றி வரும் தளங்களையும் அதே வழக்கிலேயே சேர்த்து முடக்கலாம். இந்த இரண்டு உத்தரவும் தளங்களைப் பற்றியவை. டொரன்ட் மென்பொருளைத் தொடவில்லை.

தொட்டிருந்தால் எவ்வளவோ நல்ல காரியம் நின்றிருக்கும். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை உபுண்டு, டெபியன் ஆட்கள் டொரன்ட்டிலும் தருகிறார்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற பொது நூலகம் 2012 முதல் லட்சக்கணக்கான பழைய புத்தகங்களையும் ஒலிப்பதிவுகளையும் இப்படித் தருகிறது. விண்டோஸ் 10 கூடத் தன் அப்டேட்டை ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ள வழி வைத்திருக்கிறது.

அடுத்து, சொந்தக்காரர் சொன்ன 3 வருடம், 3 லட்சம். அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். 2016இல் முடக்கப்பட்ட தளங்களைத் திறந்தால் ஒரு எச்சரிக்கைப் பக்கம் வந்தது. இதைப் பார்த்தாலே, இறக்கினாலே குற்றம், 3 வருடச் சிறை, 3 லட்சம் வரை அபராதம் என்று அதில் இருந்தது. நாடு முழுக்க வாட்ஸாப்பில் அது சுற்றியது. அதே ஆண்டு பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதி கௌதம் படேல் அந்த வாசகத்தைச் சரியில்லை என்றார். பார்ப்பது குற்றமில்லை, உரிமையாளருக்குக் கேடு வரும்படி விநியோகிப்பதும், பொதுவில் திரையிடுவதும், விற்பதும் வாடகைக்கு விடுவதும்தான் குற்றம் என்பது அவர் சொன்னதன் சாரம். 63ஆம் பிரிவின்படி அபராதம் 50,000 முதல் 2 லட்சம் வரை, சிறை 6 மாதம் முதல் 3 வருடம் வரை. வியாபார லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால், காரணத்தைத் தீர்ப்பில் எழுதி நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம்.

அதற்காக மகன் விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம், 63ஆம் பிரிவுக் குற்றத்தில் போலீஸ் வாரன்ட் இல்லாமலே கைது செய்யலாம், இது ஜாமீனில் விடத்தக்க குற்றமும் இல்லை என்று சொல்லிவிட்டது. ஜாமீனே கிடைக்காது என்று அர்த்தமில்லை. ஸ்டேஷனில் கிடைக்காது, கோர்ட்டில் மனு போட்டு வாங்க வேண்டும். திருட்டு நகல்களைக் கைப்பற்ற சப்-இன்ஸ்பெக்டருக்கே அதிகாரம் உண்டு. டொரன்ட்டில் யார் யார் துண்டு கொடுக்கிறார்கள் என்பது அந்தக் கூட்டத்தில் சேரும் எவருக்கும் தெரியும், இன்டர்நெட்டில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் ஐ.பி. முகவரி அப்படியே வெளியில் நிற்கும். அதை வைத்து விசாரித்தால் கனெக்‌ஷன் உங்கள் பெயரில்தான் வரும். பெயர் இருப்பதாலேயே நீங்கள் குற்றவாளி ஆகிவிட மாட்டீர்கள், தெரிந்து செய்தாரா என்பதைத்தான் சட்டம் கேட்கும். ஆனால் போலீஸ் முதலில் வந்து நிற்பது உங்கள் வீட்டு வாசலில். இப்போது உங்களுக்கு விஷயமும் தெரிந்துவிட்டது, அண்ணாச்சி. தெரிந்த பிறகும் விட்டுவைக்கக் கூடாது. படங்களை டொரன்ட்டிலிருந்து நீக்கி, ஃபைலையும் அழிக்கச் சொல்லுங்கள். தியேட்டரில் செல்போனில் பதிவதற்குச் சினிமாட்டோகிராஃப் சட்டத்தின் 2023 திருத்தத்தில் தனித் தண்டனையே வந்திருக்கிறது, அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மைக்செட்காரர் கம்ப்யூட்டரில் ஒலியைச் சரிசெய்யும் மென்பொருள் இருக்கும். அது டொரன்ட்டில் வந்த, பூட்டு உடைத்த நகலாக இருந்தால், தெரிந்தே அதைப் பயன்படுத்துவதற்கு 63பி என்று தனிப் பிரிவு இருக்கிறது, குறைந்தபட்சமே 7 நாள் சிறை. சொந்த உபயோகம் என்ற விலக்கு கம்ப்யூட்டர் மென்பொருளுக்கு இல்லை. உங்களுக்கு இது தொழில், ஆகவே லாபத்துக்குச் செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளே பாட்டை வெட்டி ஒட்டவும் இரைச்சலைக் குறைக்கவும் போதும்.

சரி, கொடைப் பதிவுகளுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் இந்த இடத்தைத்தான் நான் மறுபடி மறுபடி படித்தேன். சின்ன வயதில் கோயில் வளாகத்தில் பாயை விரித்துப் படுத்து, பாதித் தூக்கத்தில் உடுக்கையும் குடமும் கேட்டு வளர்ந்தவன் நான். எந்தக் கம்பெனியும் பதியாததை நீங்கள் 22 வருடம் பதிந்திருக்கிறீர்கள். அது ஒரு ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போனால் போய்விடும் நிலையில் இருக்கக் கூடாது. அதைப் பரப்ப வேண்டும், முறையோடு பரப்ப வேண்டும்.

ஒரு ராத்திரி வில்லுப்பாட்டில் சட்டத்தின் பார்வையில் பல பேருக்கு உரிமை இருக்கிறது. கதை சுடலைமாடன் கதை போலத் தலைமுறை தலைமுறையாக வருவது என்றால் அதற்குத் தனி உரிமையாளர் இல்லை. எழுதியவர் இறந்து 60 ஆண்டு கடந்த படைப்பும் பொதுச் சொத்துதான். எட்டயபுரத்து பாரதியின் பாட்டுக்கு 1949லேயே அரசு உரிமையை வாங்கி, பிறகு பொதுவாக்கிவிட்டது, அவர் பாட்டைப் புலவர் இடையில் பாடியிருந்தால் கவலை வேண்டாம். ஆனால் கூட்டம் தூங்காமல் இருக்கச் சினிமாப் பாட்டு மெட்டை இடையில் எடுத்துப் பாடுவார்களே, அதற்கு உரிமையாளர் உண்டு. கொடை நடக்கும்போது அதைப் பாடியதில் தப்பில்லை. உண்மையான மதச் சடங்கின் ஒரு பகுதியாகப் பாடுவதற்கு 52ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது, கல்யாண ஊர்வலத்துக்கும் அதே விலக்குதான். அந்த விலக்கு கோயில் வாசலோடு நின்றுவிடும். பதிவை இன்டர்நெட்டில் ஏற்றுவது சடங்கு ஆகாது. அந்தப் பகுதியை வெட்டிவிட்டுக் கொடுங்கள். நாலு நிமிடம் போனால் கதை குறையாது.

முக்கியமானது கலைஞர்களின் உரிமை. பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துக் கலைஞர் என்பதற்குப் பாடகர், இசைக் கருவி வாசிப்பவர், ஆடுபவர் தொடங்கிப் பாம்பாட்டி வரைக்கும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. உங்கள் புலவரும், உடுக்கை அடித்தவரும், குடம், தாளம், கட்டை வைத்திருந்தவர்களும், கணியான் கூத்தின் தலைமைப் பாடகரான அண்ணாவியும் எல்லோரும் அதில் வருவார்கள். நிகழ்ச்சி நடந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 50 ஆண்டுக்கு அந்த உரிமை உண்டு. நீங்களே கேட்பதற்காகப் பதிந்து வைத்தது தவறில்லை, 39ஆம் பிரிவு அதை அனுமதிக்கிறது. அதைப் பிறருக்குப் பரப்பத்தான் அவர்கள் சம்மதம் வேண்டும். கோயில் கமிட்டி பேசின சம்பளத்தைக் கொடுத்துவிட்டதே என்று நீங்கள் நினைக்கலாம். அது அன்றைக்கு ராத்திரி பாடியதற்குக் கூலி. பதிவைப் பரப்பும் உரிமை அதில் அடங்கவில்லை. இதுவரை மகன் டொரன்ட்டில் ஏற்றியதையும், சம்மதம் கையில் வரும்வரை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள்.

உங்களுக்கும் பங்கு இருக்கிறது. ஒலிப்பதிவை முன்நின்று பொறுப்பேற்றுச் செய்தவர்தான் அந்தப் பதிவின் உரிமையாளர், அந்த உரிமை 60 ஆண்டு. கலைஞர்கள் கையெழுத்தும் உங்கள் கையெழுத்தும் சேர்ந்தால் டொரன்ட்டில் போடுவதற்கு யாரும் தடை சொல்ல முடியாது.

அந்தச் சம்மதத்தைக் கட்டாயம் எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையில் உரிமம் செல்லாது. எழுதும்போது இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் சட்டம் அதை 5 ஆண்டு என்றே எடுத்துக்கொள்ளும். எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றாகிவிடும். பம்பாய்க்குச் சரி, துபாய்க்குச் சரிவராது. அதனால் "இந்தத் தேதியில் இந்தக் கோயில் கொடையில் நான் பாடிய நிகழ்ச்சியின் பதிவை, உரிமைக் காலம் முழுவதற்கும், உலகம் முழுவதும், டொரன்ட் உட்பட இன்டர்நெட் வழியாக இலவசமாகப் பரப்பச் சம்மதிக்கிறேன், என் பெயரைக் குறிப்பிட வேண்டும்" என்று சின்ன வாக்கியங்களில் எழுதுங்கள். கையெழுத்துப் போடும் முன் அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். பிற்காலத்தில் இதிலிருந்து வருமானம் வந்தால் எப்படிப் பங்கு என்றும் ஒரு வரி சேருங்கள். வணிகத்துக்குப் பயன்படுத்தினால் கலைஞருக்கு ராயல்டி உண்டு என்று 2012 திருத்தம் சொல்கிறது. இந்தக் கலைஞர்களில் பலர் கொடை இல்லாத மாதங்களில் எப்படி இருக்கிறார்கள் என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

சட்டத்துக்கு வெளியே ஒரு வார்த்தை. வீடியோப் பதிவில் சாமி வந்து ஆடும் பெண்களின் முகம் தெரிந்தால் அந்தப் பகுதியை எடுத்துவிடுங்கள். கோயிலில் நம் சனங்களுக்கு முன்னால் ஆடுவது வேறு, துண்டு துண்டாக எவன் செல்போனிலோ சுற்றுவது வேறு.

வீட்டுக் கம்ப்யூட்டரை ராத்திரி பகலாக ஓடவிட்டு டொரன்ட் கொடுக்கவும் வேண்டியதில்லை. சம்மதம் வாங்கிய பதிவுகளை இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றினால் அவர்களே டொரன்ட் ஃபைலும் செய்து தருகிறார்கள். ஏற்றும்போது, பெயர் சொல்லிப் பரப்பலாம், விற்கக் கூடாது என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு நகலைப் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் துறையில் கேட்டுக் கொடுத்துவையுங்கள். மகனையும் கூட்டிப் போங்கள். புதுப்படம் இறக்கும் சாமர்த்தியத்தை வைத்து இந்தப் பதிவுகளுக்கு ஊர், தேதி, கலைஞர் பெயர் எல்லாம் போட்டு ஒழுங்காக அடுக்கட்டும்.

2009 பதிவைப் பற்றி. குடம் அடித்த பெரியவர் இறந்தாலும் அவருடைய உரிமை இறக்கவில்லை, 2059 முடியும்வரை வாரிசுகளிடம் இருக்கிறது. மனைவி இருந்தால் அவரும், பிள்ளைகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும், மூத்தவன் மட்டும் போட்டால் போதாது. அவர்கள் வீட்டுக்குப் போகும்போது வெறும் காகிதத்தோடு போகாமல், அந்த ராத்திரிப் பதிவை ஒரு பென் டிரைவில் கொண்டுபோய் அவர்களுக்கு முதலில் போட்டுக் காட்டுங்கள்.